எமோசி காட்டிய சிவப்பு அட்டை

எமோசிக்குப் பின்னால் தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு அவன் மேல் கோபம். என்ன செய்வது, பஸ் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாதே! நவுசோரியிலிருந்து ரேவா ஆற்றையொட்டி மேலே நைதாசிரி மலைப்பக்கம் போய்த் திரும்புகிற வண்டி அவனுடையது. சனிக்கிழமைகளில் சந்தைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் கால்பந்துக்கு விசில் ஊதுவான். திங்கட்கிழமை காலையில் அந்த விசிலுக்கெல்லாம் பதில் கேட்கிற கூட்டம் அவன் பிடரிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"டிரைவரய்யா, ரோட்டுல குழியாவது கண்ணுக்குத் தெரியுதா, இல்ல சனிக்கிழமை மாதிரிதானா?"

"பாவம்யா, யாராச்சும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க."

"கோல் காக்கிற அந்தக் கோலி பந்தைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ற மாதிரி நிக்கிறான். இவரு ஆமென் சொல்றதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாரு!"

"புதுசா ஏதாவது சட்டம் கொண்டாந்தாத்தான் சரிப்படும்."

"எதுக்குப் புதுசு? இருக்கிற சட்டத்தை முதல்ல ஒழுங்கா நடத்தச் சொல்லு."

இந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னது மீன் கூடையோடு முன் சீட்டில் உட்காருகிற பெரிய உடம்புக்காரி. மற்றதெல்லாம் எமோசிக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். இது மட்டும் போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்து குடைந்தது. வண்டி நிற்கிற இடங்களில் அவன் இடது முட்டி தானாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த முட்டிதான் அவனை நடுவராக்கியது.

கந்தாவுத் தீவிலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்தவன் அவன். முதலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், பிறகு லாரி, பிறகு பஸ். நவுசோரியில் ஒரு சின்ன அணிக்கு வலது பக்கம் தடுப்பு ஆடினான். ஒருநாள் மழைச்சேற்றில் முட்டி திருகிக்கொண்டது, அதோடு ஆட்டம் முடிந்தது. காலைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, நடுவர் வரவில்லை. கைக்கடிகாரம் வைத்திருக்கிறவன் யார் என்று கேட்டார்கள். பஸ் ஓட்டுகிறவனிடம்தான் இருந்தது. விசிலைக் கையில் திணித்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவனுடைய நியமனம். அதற்கப்புறம் தேர்வெல்லாம் எழுதினான், சட்டமெல்லாம் மனப்பாடம் பண்ணினான். ஆனாலும் ஊருக்கு அவன் கடிகாரம் வைத்திருந்த பஸ் டிரைவர்தான்.

அவன் மனைவி தோரிகா ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போனாள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். "உங்கம்மாவை நானே இவ்வளவு திட்டினதில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கறுப்புச் சட்டையை மட்டும் வாராவாரம் தேய்த்துக் கொடுப்பாள்.

இப்படித் திட்டு வாங்கியே காலம் தள்ளினவனுக்கு, ஒரே ஒருத்தனுடைய திட்டு மட்டும் தித்தித்தது. அவன் பெயர் சகியுசா. ஹில்டாப் அணியின் கேப்டன். நாற்பதைத் தாண்டியும் பின்வரிசையில் மலை மாதிரி நிற்கிறவன். நைதாசிரி மலைக்காரன். ஆற்றோரம் சேப்பங்கிழங்கு போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் எமோசியின் பஸ்ஸில்தான் மூட்டையை ஏற்றிச் சந்தைக்கு வருவான்.

கந்தாவுக்காரனும் நைதாசிரிக்காரனும் ஒருவருக்கொருவர் திரெயு. முப்பாட்டன் காலத்து முறை அது. நம்மூர் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதற்கு முன்னால் தூசு. திரெயு திரெயுவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். திருடன் என்று சொல்லலாம், நாய் என்று சொல்லலாம், தட்டிலிருக்கிற மீனைப் பிடுங்கித் தின்னலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. வந்தால் அவன் மனுஷனே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது, 'திரெயு' என்பதுதான் பெயர்.

எமோசியின் அம்மா செத்துப்போன அன்றைக்கு வீடே இடிந்துபோய்க் கிடந்தது. சகியுசா மலையிலிருந்து இறங்கி வந்தான். வந்தவன் நேரே போய், பெரியவர்களுக்கு விரித்திருந்த பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "கெழவி எனக்கு ஒரு பன்னித்தொடை பாக்கி வச்சிட்டுப் போயிருக்கா. அது வராம பெட்டியைத் தூக்க விடமாட்டேன்" என்றான். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எமோசி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அந்த முறைக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியும்.

மைதானத்திலும் அது நடந்தது. சகியுசா வாயைத் திறந்தால் போதும், கூட்டம் காதைத் தீட்டிக்கொள்ளும். சில பேர் ஆட்டத்துக்கு வருவதே அதற்காகத்தான். எமோசியும் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பான். இத்தனை வருஷத்தில் அது தப்பென்று அவனுக்கு ஒரு நிமிஷமும் தோன்றியதில்லை.

தோன்றவைத்தவன் தவேந்திர கவுண்டன். பஸ் நிலையத்துக்கு எதிரே டயர் கடை. மில் யுனைடெட் அணிக்குக் கேப்டன். ஒரு சனிக்கிழமை ஹில்டாப்போடு ஆடும்போது மில் அணிப் பையன் ஒருத்தன் கையை விரித்து, "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். எமோசி மஞ்சள் அட்டை காட்டினான். நடுவரை எதிர்த்துப் பேசினால் மஞ்சள், அது சட்டம். உடனே நடுக்கோட்டிலிருந்து சகியுசாவின் குரல் வந்தது. "கண்ணு தெரிஞ்சா இவன் ஏன்டா கந்தாவுல போய்ப் பொறக்கிறான்?" மைதானமே சிரித்தது, எமோசியும் சிரித்தான்.

திங்கட்கிழமை தவேந்திரன் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸின் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அவன் கத்தியிருந்தால் எமோசிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"எங்க பையன் கேட்டதும் கண்ணு தெரியலையான்னுதான். சகியுசா கேட்டதும் அதேதான். ஒருத்தனுக்கு மஞ்ச அட்டை, இன்னொருத்தனுக்குப் பல்லு. இது என்ன கணக்கு, எமோசி?"

"அது எங்க முறை தவேந்திரா. உனக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான கெடக்கிறோம். ஆனா எங்க ஆளுங்களுக்கு உன்கிட்ட எந்த முறையும் இல்லியே. நாங்க எந்த முறையில வந்து உன்னைத் திட்டுறது? அதை மட்டும் சொல்லிடு, அடுத்த வாரத்துலேர்ந்து நாங்களும் திட்டிக்கிறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. எமோசியின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை எடுக்க நேரமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குப் பிடித்த நிலைகொள்ளாமை அந்த வாரம் முழுக்க விடவில்லை. கியர் மாற்ற மறந்தான். ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் வந்தான். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். நேர்மையான ஆள் என்றுதான் அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு ரொட்டித்துண்டு கூட ஒருவரிடமும் வாங்கினதில்லை. ஆனால் ஒருத்தனுக்கு ஒரு சட்டம், இன்னொருத்தனுக்கு ஒரு சட்டம் என்று நடத்தியிருக்கிறானே! அதுவும் சிரித்துக்கொண்டே! மில் அணிக்காரர்கள் இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்களே!

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையுற? உக்காந்து சாப்பிடு" என்றாள் தோரிகா. மரவள்ளிக் கிழங்கு ஆறிப்போயிருந்தது.

கால்பந்துச் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் வேரைக் கரைத்த கவாச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசினார்கள். நடுவரை வாய்க்கு வந்தபடி பேசுவது அதிகமாகிவிட்டது, போன மாதம் வேறொரு ஊரில் ஒரு நடுவரை அடித்தே விட்டார்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி நடத்துவோம், வாய் நீண்டால் ஆள் வெளியே என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் தலையாட்டிக் கையைத் தட்டினார்கள், சகியுசாவின் அணிக்காரர்களும்தான். கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் எமோசி என்றும் அங்கேயே சொன்னார்கள். ஆடப்போவது ஹில்டாப்பும் மில் யுனைடெட்டும். அது சகியுசாவின் கடைசி ஆட்டம் என்பது ஊருக்கே தெரியும்.

"மேட்ச்சை வேற யாருக்காவது குடுத்துடு" என்றாள் தோரிகா.

"பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"அப்போ சகியுசாகிட்ட முன்னாலயே சொல்லிடு. ரெண்டு பக்கமும் நல்லவனா இருக்க முடியாது பாரு. சொல்லிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை சந்தையில் சகியுசா சேப்பங்கிழங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எமோசி அவன் எதிரே போய் நின்றான். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டான்.

"திரெயு, நாளைக்கு மைதானத்துல வாயைக் கட்டிக்க. நெஜமாச் சொல்றேன். பேசினா அட்டை எடுப்பேன்."

சகியுசா கிழங்கைக் கீழே வைத்தான். அவனையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு பக்கத்துக் கடைப் பெண்களைக் கூப்பிட்டான். "ஏ, இங்க வாங்கடி, இந்த மூஞ்சியைப் பாருங்க! அழுகின மீனை மோந்து பாத்த மாதிரி! எங்கடா புடிச்சே இதை?"

"வெளையாடாத. சங்கத்துல முடிவாயிருக்கு."

"அடடடா, பிரமாதம்! குரலும் மாறுது பாருங்க! டேய் திரெயு, நாளைக்கும் இதே மூஞ்சியை மாட்டிக்கிட்டு வா. என் கடைசி மேட்ச்சு, சிரிச்சிட்டே போறேன்."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எமோசி இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அது இன்னும் நல்ல வேடிக்கையாகிக்கொண்டே போயிற்று. திரெயுவிடம் கோபப்படுகிற திரெயுவை அந்தச் சந்தையில் யாரும் பார்த்ததே கிடையாது. பிறகு எப்படி நம்புவார்கள்? கடைசியில் சகியுசா ஒரு கிழங்கைத் தூக்கி அவன் கையில் வைத்து, "போய் அவிச்சுத் தின்னு, மூஞ்சி சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை மழை. நவுசோரி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் தகரக் கூரைக்குக் கீழேயும் லாரிகளின் மேலேயும் குடைகளோடு நின்றது. ஆட்டம் தொடங்குமுன் எமோசி இரண்டு கேப்டன்களையும் அழைத்தான். "இன்னைக்கு வாய் நீண்டா அட்டை. யாரா இருந்தாலும்." தவேந்திரன் தலையாட்டினான். சகியுசா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

எமோசி அன்றைக்கு எல்லாவற்றையும் சட்டப்படி நடத்தினான். எறிய வேண்டிய இடத்தை விட்டு முன்னால் நகர்ந்து பந்தை எறிந்தவனைத் திரும்பப் போகச் சொன்னான். மில் அணிக் கோலி வழக்கம்போல் பந்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது விசில் ஊதி எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தான். கூட்டம் ஊளையிட்டது. "யோவ், இதெல்லாம் ஒரு தப்பாய்யா? எல்லாரும்தான் வச்சிருக்கானுங்க!" என்று கத்தினது யார் என்று நினைக்கிறீர்கள்? மீன் கூடைக்காரிதான். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்!

இடைவேளைக்கு முன்னால் மில் ஒரு கோல் போட்டது. பின்பாதியில் ஹில்டாப் ஒன்று போட்டுச் சமமாக்கியது. சகியுசா அதுவரை வாயைத் திறக்கவில்லை. எமோசிக்கு லேசாக நிம்மதி வந்தது. சொன்னது ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். அப்போதுதான் ஹில்டாப் கோலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மில் பையனை இடறிவிட்டார்கள். எமோசி மில் அணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தான்.

சகியுசா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். நல்ல வார்த்தைக்காக இத்தனை நேரம் காத்திருந்தவன் அவன்.

"மில்லுக்காரங்களே! இந்தத் திருடனுக்கு என்ன குடுத்தீங்க? ஒரு ரொட்டிப் பொட்டலமா? எதுக்கு அவ்வளவு செலவு? பாதி ரொட்டிக்கே இந்தக் கந்தாவு நாய் பெத்த தாயை வித்திருக்குமே!"

மைதானம் குலுங்கிச் சிரித்தது. லாரி மேல் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டினார்கள். தவேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. பந்தைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எமோசியைப் பார்த்தான். நடுவரைப் பார்த்துக் காசு வாங்கினவன், திருடன், நாய் என்று சொன்னால் சிவப்பு. அந்தச் சட்டம் அவன் விசில் பிடித்த நாளிலிருந்தே இருக்கிறது. கை பின்பாக்கெட்டுக்குப் போயிற்று. அது தன் கை மாதிரியே அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பு அட்டையை எடுத்துச் சகியுசாவின் முகத்துக்கு நேரே தூக்கினான்.

சகியுசா சிரிக்க ஆரம்பித்தான்.

"அடப்பாவி! அடப்பாவி திரெயு! ஜெயிச்சிட்டேடா!" சேற்றில் மண்டிபோட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நேத்துலேர்ந்து இதுக்குத்தானா அந்த மூஞ்சி!" எழுந்து வந்து எமோசியைக் கட்டிப்பிடித்தான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஒரு திரெயு இன்னொரு திரெயுவுக்குக் கொடுத்த பதிலில் இதை மிஞ்சின பதில் கிடையாது என்று அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள்.

"வெளிய போ, திரெயு."

"போறேன், போறேன். அப்படியே உன் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டையும் முடிச்சிட்டு வர்றேன்."

"நான் வெளையாடல."

"நீ எப்போடா வெளையாடினே, முட்டி போனதுக்கப்புறம்?"

மறுபடி சிரிப்பு. எமோசியின் கழுத்து வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இனி ஒரே வழிதான். கட்டியிருந்த கைகளை விலக்கி, ஓரடி பின்னால் போய், நிமிர்ந்து நின்றான்.

"ஹில்டாப் அஞ்சாம் நம்பர். மைதானத்தை விட்டு வெளிய போங்க, ஐயா."

சகியுசாவின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. எமோசியின் கண்ணில் எதையோ தேடினான், கிடைக்கவில்லை. கேப்டன் பட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். கயிற்றைத் தாண்டி, குடைகளுக்கு நடுவே புகுந்து, சந்தைப் பக்கமாக நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் வழிவிட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மில் இன்னொன்று போட்டுக் கோப்பையைக் கொண்டு போயிற்று.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினவர்களெல்லாம் எமோசியின் தோளைத் தட்டினார்கள். "ரெஃப்ரின்னா இப்படி இருக்கணும்யா!" "சட்டம்னா சட்டம்!" தவேந்திரன் ஜன்னல் வழியாக ஒரு ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினான். நீட்டின பிறகு அவனுக்கே உறைத்துவிட்டது போல. "சரி, இது வேணாம்" என்று திரும்ப எடுத்துக்கொண்டான். இருவருமே சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மலைப்பக்க நிறுத்தத்தில் சகியுசா மூட்டையோடு நின்றான். எமோசியின் முட்டி ஆடத் தொடங்கியது. திட்டப்போகிறான், நல்லாத் திட்டட்டும் என்று காத்திருந்தான். சகியுசா ஏறினான், பயண அட்டையைப் பெட்டியில் தட்டினான்.

"காலை வணக்கம், டிரைவர்."

பின்னால் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டான். சந்தை வந்ததும் "ரொம்ப நன்றி" என்று சொல்லி இறங்கிப் போனான். அவ்வளவுதான். திட்டும் இல்லை, 'திரெயு'வும் இல்லை. அடுத்த வெள்ளியும் "காலை வணக்கம், டிரைவர்." அதற்கடுத்த வெள்ளியும் அதே வணக்கம். பஸ்ஸில் இருக்கிறவர்கள் கூட அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"கவா வேர் ஒரு கட்டு எடுத்துக்கிட்டுப் போய், முன்னால வச்சு மன்னிப்பு கேளேன்" என்றாள் தோரிகா.

"எதுக்கு மன்னிப்பு? நான் செஞ்சது சரிதானே?"

"சரின்னா போகாத."

"போகாமயும் இருக்க முடியலடி!"

"அப்போ என்னதான் வேணும் உனக்கு?"

"திட்டணும். அவன் என்னைத் திட்டணும். நாளைக்கு நான் செத்தா, யார் வந்து என் வீட்டுப் பாயில படுத்துக்கிட்டுத் தொடைக்கறி கேப்பான்?"

தோரிகா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போன பிறகு, இன்னொரு மழைநாள் காலையில் சகியுசா ஏறினான். அட்டையைத் தட்டினான். "காலை வண..."

"என்னடா வணக்கம்!" எமோசி வெடித்துவிட்டான். அவன் யோசித்துப் பேசவில்லை. இத்தனை வாரமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "என்னடா பெரிய வணக்கம்? மலைக்குரங்கே! உன் சேப்பங்கிழங்குக்கு இருக்கிற அழகுல பாதியாவது உன் மூஞ்சிக்கு இருக்கா? உங்க பாட்டனுக்குக் கடலைப் பாத்தாலே வயித்தால போகுமாமே! ஆத்துல குளிக்கவே ஆள் புடிச்சிக்கிற கூட்டம், நீ எனக்கு வணக்கம் சொல்றியா!"

மீன் கூடைக்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சகியுசா மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். மெதுவாகச் சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டான். ஒரு அட்டையை எடுத்து எமோசியின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். சிவப்பு. சோப்புத்தூள் பெட்டியிலிருந்து வெட்டினது. பாக்கெட்டிலேயே கிடந்து, மழையில் நனைந்து காய்ந்து, ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமையாக அதை வைத்துக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறான்!

"கெட்ட வார்த்தை பேசிட்டீங்க" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல். "வெளிய போங்க, டிரைவர்."

எமோசி அந்த அட்டையைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்தினான். சாவியை எடுத்துச் சகியுசாவின் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி மழையில் போய் நின்றான்.

"கிட்ட நிக்கக் கூடாது!" ஜன்னலிலிருந்து சகியுசாவின் குரல் வந்தது. "சிவப்பு வாங்கினவன் கோட்டோரத்துல நிக்கலாமா? சட்டம் தெரியுமா, தெரியாதா?"

எமோசி முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்து, ரோட்டைக் கடந்து, ஈரப்பலா மரத்தடிக்குப் போனான். அங்கேயும் மழை ஒழுகத்தான் செய்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஆரம்பித்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

"யோவ், இது அநியாயம்யா! இதுக்குப் போய் சிவப்பா? ஒரு மஞ்ச அட்டை போதாதா?"

"முதல் தப்புதானே! எச்சரிக்கை குடுத்துட்டு விடணும்."

"இவனெல்லாம் ஒரு ரெஃப்ரியா? கண்ணு தெரியலையா? எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு!"

"யாருகிட்ட எவ்வளவு வாங்கினே, சகியுசா?"

"தோத்த கோவத்தைத் தீத்துக்கிறான்யா! வேறொண்ணுமில்ல!"

சகியுசா முதலில் எதிர்த்து ஏதோ சொல்லிப் பார்த்தான். சொன்னதெல்லாம் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. மீன் கூடைக்காரி எழுந்து நின்று அவன் அம்மாவையே இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு, பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

"டேய் திரெயு! கேட்டியாடா இவனுங்க வாயை? ரெண்டு நிமிஷம் கூட ஆகலடா! இதையா நீ இத்தனை வருஷம் கேட்டுக்கிட்டு வண்டி ஓட்டினே?"

எமோசி சிரிக்கிறானா அழுகிறானா என்று அந்த மழையில் பஸ்ஸிலிருந்து தெரியவில்லை.

"வந்து வண்டிய எடுடா, கந்தாவு நாயே! பொட்டைக்கண்ணா! திருட்டுப் பயலே! உங்காத்தா எனக்கு இன்னும் அந்தப் பன்னித்தொடை குடுக்கல, ஞாபகம் வச்சுக்க! வாடா!"

எமோசிக்குக் காது குளிர்ந்தது. உடனே நகரவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று அங்கேயே நின்றான்.